அண்ணி கண்ணில் படக்கூடாத மேடு

சீலிங்காரர் கம்பி நீட்டியதற்கு மறுநாள் காலை, கிரீமக்கா முன்னறைத் தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். டூட்டிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி அந்தப் பக்கம் வந்த வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

“என்னம்மா ஆச்சு? தலை சுத்துதா?”

“வெளிச்சத்தை மறைக்காதீங்க. அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க.”

தள்ளி நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் செய்துவருவது அதைத்தான். பஸ் ஓட்டும்போது ஹாரன் அடித்து ஊரையே ஒதுங்கச் சொல்கிற மனிதர், வீட்டுக்குள் வந்தால் தானே ஒதுங்கிக்கொள்வார்.

கிரீமக்காவின் கண் சீலிங்கிலேயே இருந்தது. பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகையில் பட்ட காலை வெயில், ஜன்னல் வழியாக மேலே ஏறி வந்து சீலிங்கை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகிற நேரம் அது. நின்றபடி நிமிர்ந்து பார்த்தால் சீலிங் வெள்ளையாக, ஒழுங்காகத்தான் தெரியும். படுத்துப் பார்த்தால் அதன் வண்டவாளமெல்லாம் வெளியே வந்துவிடும். ஜிப்சம் பலகைகள் ஒன்றோடொன்று சேர்கிற இடமெல்லாம் நிழல் கட்டியிருந்தது. ஓரத்தில் இருந்தவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம். நட்டநடுவில், இரண்டு பலகைகளின் வெட்டிய முனைகள் முட்டிக்கொண்ட இடத்தில், ஒரு மேடு புடைத்துக்கொண்டு நின்றது. கட்டில் எங்கே வரும் என்று தரையில் ஏற்கெனவே சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். தலையணை வரும் இடத்துக்கு நேர் மேலே அந்த மேடு.

“அண்ணி மூஞ்சிக்கு நேரா இருக்குங்க,” என்றாள்.

“பெயின்ட் அடிச்சா தெரியாதுன்னு சொன்னாரே அவரு.”

“யாருக்குத் தெரியாது? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. உங்க அக்காவுக்கா தெரியாது?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்.

அந்த அறைக்கு வரப்போகிறவள் வீட்டுக்காரரின் அக்கா. முறைக்கு நாத்தனார், கிரீமக்கா கூப்பிடுவது அண்ணி என்று. தனியாக இருந்தவள், மாடிப்படியில் கால் தவறி விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மாதக்கணக்கில் மல்லாந்தே கிடக்க வேண்டும், தானாகப் புரளவே கூடாது, மற்றவர்கள் பிடித்துப் புரட்டினால்தான் உண்டு என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தம்பி வீட்டை விட்டால் அண்ணிக்கு வேறு போக்கிடம் கிடையாது. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபின் உடைந்த நாற்காலியும் பழைய பேப்பருமாக அடைந்து கிடந்த முன்னறையை ஒழித்தார்கள். அங்கே மேல்பூச்சு பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அசைய முடியாமல் கிடக்கிறவள் முகத்தில் காரை விழுந்தால் என்ன ஆவது? அதனால்தான் அடியில் ஜிப்சம் பலகை கொடுத்து சீலிங் போட ஆள் பிடித்தார்கள். அவர் பலகைகளை முடுக்கினார், சந்துகளில் காகித டேப் ஒட்டினார், அதன்மேல் பேருக்கு ஒரு கை பட்டி மாவு இழுத்தார், மிச்சத்தைப் பெயின்டர் பார்த்துக்கொள்வார் என்று வேறு வேலைக்கு ஓடிவிட்டார். போன் போட்டால் எடுப்பதில்லை.

ஒரு மேட்டுக்கா இத்தனை வீம்பு என்று கேட்பவர்களுக்கு அண்ணியைப் பற்றித் தெரியாது.

அண்ணி வேலை பார்த்தது துணி மில்லில், செக்கிங்கில். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூல், விட்டுப்போன இழை, எண்ணெய்க் கறை, எது வந்தாலும் கண்ணில் மாட்ட வேண்டும். மாட்டினால் மெஷினை நிறுத்தி, அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வேலைக்குப் போன காலம் முழுக்க அவளுக்கு அதுதான் பிழைப்பு. மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவதை அண்ணி போகிறபோக்கில் பார்த்துவிடுவாள். வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வரலாம், கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? கல்யாண வீட்டுக்குப் போனாலும் துக்க வீட்டுக்குப் போனாலும் அண்ணியின் கண்முன்னே துணி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்படி ஓடிய துணிகளில் தம்பி பெண்டாட்டி முக்கியமானவள். கிரீமக்கா புதுப்பெண்ணாக வந்தபோது பேக்கரியில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கேக்குக்குக் கிரீம் பூசுகிறவர் ஒருநாள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட, கைக்கு எட்டின ஆள் இவள்தான் என்று கத்தியை இவளிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு எடுத்த கத்தியை இன்னும் கீழே வைக்கவில்லை. சொந்தப் பேர் கல்யாணப் பத்திரிகையோடு போயிற்று. தெருவுக்கே அவள் கிரீமக்காதான். அவள் பூசினால் கேக் பளிங்கு மாதிரி இருக்கும் என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார்.

முதன்முதலாகத் தன் கையால் பூசிய கேக்கை வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அண்ணி தட்டை மெல்லத் திருப்பினாள். “முன்பக்கம் நல்லாருக்கு. பின்னாடி ஒரு இடம் மேடா நிக்குது பாரு,” என்றாள். இருந்தது. கேக்கை வெட்டிச் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னாள்: “கை நல்ல கைதான். கண்ணுதான் பத்தாது.”

அதற்கப்புறம் எத்தனையோ நடந்தது. வீட்டுக்காரர் பிறந்தநாள் கேக் டப்பாவின்மேல் அண்ணி ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவைத்தாள். திறந்து பார்த்தால் அம்புக்குறி காட்டிய இடத்தில் கிரீம் லேசாக இழுபட்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். கிரீமக்காவும் சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களோடு பேசினாள். அது கேலிதான், அவளுக்குத் தெரியாமல் இல்லை. தாயில்லாத தம்பியைத் தாயாக இருந்து வளர்த்தவள் என்பதும், பிரசவத்துக்கு இரண்டு முறையும் ஓடிவந்து கூட நின்றவள் என்பதும் தெரியும். அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘கண்ணு பத்தாது’ என்று சொன்னது இன்னும் வலிக்கிறது. என்ன செய்ய?

இப்போது அந்தக் கண் வந்து மாதக்கணக்கில் இந்த சீலிங்குக்கு அடியில் கிடக்கப்போகிறது. ஊட்டிவிடும்போதும், உடம்பு துடைத்துவிடும்போதும், தலை வாரும்போதும் அந்த மேட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும். நினைக்கும்போதே கிரீமக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். அண்ணி வந்து படுப்பதற்குள் அந்த மேடு போயாக வேண்டும்.

மேடு என்றால் தேய்க்க வேண்டியதுதானே? அப்படித்தான் அவளும் நினைத்தாள். பேக்கரிக்கு லீவு சொல்லிவிட்டு, உப்புத்தாளும் ஸ்டூலுமாக வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். தேய்த்தாள், தேய்த்தாள், பட்டி உதிர்ந்து வெள்ளைத் தூசியாகக் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்த காகித டேப் பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. அதையும் விடாமல் தேய்த்தாள். டேப் கிழிந்து, பழத்தோல் மாதிரி தொங்கியது. காலையில் ஒரு மேடு இருந்த இடத்தில் இப்போது ஒரு மேடு, ஒரு பள்ளம், தொங்குகிற ஒரு வால்.

மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். “மாவு மூட்டைக்குள்ள விழுந்துட்டியா?”

“ஒரு வார்த்தை பேசாதீங்க,” என்று கிழிந்த டேப்பை முந்தானையில் முடிந்துகொண்டு பெயின்ட் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அந்தத் துண்டைப் பார்த்ததுமே தலையில் கை வைத்தார். “யாரும்மா டேப்பைத் தேய்ச்சது?”

“நான்தான்.”

“மேடுன்னா தேய்ச்சிடுவீங்களா?”

“பின்ன, கொஞ்சுவாங்களா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த இரண்டு பலகைத் துண்டுகளை எடுத்து வைத்து விளக்கினார். பலகையின் நீளவாட்டு ஓரம் கம்பெனியிலேயே மெலிசாக வரும். டேப்பும் பட்டியும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிவிடும். நாம் வெட்டுகிற முனை அப்படி இல்லை. அங்கே டேப் மேலேதான் உட்காரும். மேடு கட்டத்தான் செய்யும். “அதைக் குறைக்க முடியாதும்மா. பக்கத்துல இருக்கறதைத்தான் ஏத்தணும். புது டேப் ஒட்டிட்டு, ரெண்டு பக்கமும் கை நீளத்துக்குப் பட்டியைக் கொண்டு போங்க. போகப் போக ஒண்ணுமில்லாமக் கரைஞ்சிடணும். எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னு பிடிபடக்கூடாது. மேடு அங்கயேதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.”

“நடுவுல பொங்கின கேக்குக்குப் பண்ற மாதிரி,” என்றாள் கிரீமக்கா.

கடைக்காரருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பில் சில கேக் நடுவில் பொங்கிவிடும். உதிரி மாவாக இருந்தால் மேலே சீவவும் முடியாது. அப்போது ஓரங்களில் கிரீமை நிரப்பி நிரப்பி மட்டம் காட்டுவார்கள். எத்தனை பண்ணியிருப்பாள்!

“ஆனா இது கேக் இல்லம்மா, தலைக்கு மேல இருக்கு. ஆள் வெச்சுப் பண்ணிடுங்க,” என்றார் கடைக்காரர்.

“வெச்சேன். ஓடிட்டாரு,” என்று பட்டி மூட்டையையும் டேப்பையும் அகலமான ஒரு பட்டித் தகட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பட்டித்தூளில் தண்ணீரை ஊற்றியதும் அவள் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. கிரீம் என்றால் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கத்தான் அது பூவாக உப்பும். கை வலிக்க அடித்தாள். பட்டி உப்பி, பளபளவென்று, பார்க்கவே ஆசையாக வந்தது. ‘இதைப் பார்த்தா சீலிங்காரன் நாக்கைப் பிடுங்கிக்குவான்’ என்று பெருமையோடு ஏறி, புது டேப்பை ஒட்டிப் பூசினாள். மறுநாள் காய்ந்த பிறகு பார்த்தால் பூசிய இடம் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. அடித்த காற்றெல்லாம் வெடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது.

“சல்லடை மாதிரி இருக்கு,” என்றார் வீட்டுக்காரர், ரொம்ப மரியாதையாக.

கிரீமக்கா அடுத்த கலவையை அடிக்காமல், குழந்தைக்குக் கூழ் கிண்டுவதுபோல் மெதுவாகக் குழைத்தாள். தகட்டை அழுத்திப் பிடித்து ஓட்டைகளை அடைத்தாள். ஓட்டை போயிற்று. ஆனால் அடுத்த காலை பாயில் படுத்துப் பார்த்தபோது புதிதாக ஒன்று தெரிந்தது. மேட்டின் இரண்டு பக்கமும் அலை அலையாக, காற்றடித்த மணல் மாதிரி, பட்டி நெளிந்துகொண்டு போயிருந்தது. ஸ்டூலை நகர்த்தி நகர்த்தி வைத்த இடமெல்லாம் ஒவ்வொரு அலை.

அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. பாயில் படுத்தபடியே அழுதாள். முட்டியது துக்கம் இல்லை, கோபம். கேக்கில் ஒரு சுருக்கம் விழாமல் பூசுகிற கைக்கு இங்கே என்ன கேடு? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வேறு வந்துவிட்டது. இந்த வாரக் கடைசியில் அண்ணியை அனுப்புகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் விரல்கள் கத்தி பிடிக்கிற வாக்கில் நின்றன. அசையாமல் நின்றன.

அசையாமல். அப்படியே எழுந்து உட்கார்ந்தாள்.

பேக்கரியில் கேக் சுழல்தட்டில் இருக்கும். இடது கை தட்டைச் சுற்றும். கத்தி பிடித்த வலது கை நகரவே கூடாது. நகர்ந்தால்தான் நெளியும். இத்தனை வருஷமாக அந்தக் கை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: சும்மா இருப்பது. அந்தக் கையை இழு, நீட்டு, வளை என்றால் அது என்ன செய்யும்? சீலிங்கைச் சுற்ற முடியாது. அப்படியானால் அவள் ஓட வேண்டும்.

வீட்டுக்காரர் சாயந்தரம் வந்தபோது முன்னறையில் ஒரு சக்கர மேசை நின்றது. பேக்கரியில் கல்மேடை போட்ட பிறகு பின்பக்கம் ஒதுக்கிவைத்திருந்த பழைய இரும்பு மேசை. எத்தனையோ கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் அதன்மேல்தான் கேக் பூசியிருக்கிறாள். அதன்மேல் கால் வைக்க மனசு கூசி, ஒரு கோணிப்பையை விரித்திருந்தாள்.

“நான் மேல நிக்கறேன். நீங்க தள்ளணும்,” என்றாள்.

அவர் மேசையைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். “ஏற்கெனவே ஒருத்தி முதுகை உடைச்சுக்கிட்டுக் கெடக்கறா. நீயும் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்துக்கலாம்னு பாக்கறியா?”

“நீங்க ஒழுங்கா ஓட்டினா நான் ஏன் விழறேன்?”

“இது என்ன பஸ்ஸா?”

“பஸ்ஸுன்னு நெனச்சுக்கங்க.”

ஏறி நின்றாள். தலைக்கு ஒரு சாண் மேலே சீலிங். தகட்டில் பட்டியை எடுத்து, மேட்டின் பக்கத்தில் வைத்து, கையை அப்படியே நிறுத்தி, “போங்க,” என்றாள். அவர் ஒரு தள்ளு தள்ளினார். மேசை குதித்தது. பட்டியில் ஒரு வெட்டு விழுந்தது.

“என்னங்க இது, பஸ்ஸுல ஏறுற ஜனங்களையும் இப்படித்தான் தள்ளி விடுறீங்களா?”

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள். பெண்டாட்டி எதைச் சொன்னாலும் ஒதுங்கிப்போகிறவர், வண்டியைச் சொன்னால் தாங்க மாட்டார். அவர் பஸ்ஸில் கைப்பிள்ளைக்காரிகள்கூடக் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே வருவார்கள். நிறுத்தத்தில் வண்டி நின்றது தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பவர்களை எழுப்பி இறக்க வேண்டியிருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குனிந்து சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டார். தரையைப் பெருக்கி, ஒரு கல் கிடந்ததையும் எடுத்து வெளியே எறிந்தார். மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இப்ப சொல்லு,” என்றார்.

“போங்க.”

எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. மேசை வழுக்கிக்கொண்டு போனது. கிரீமக்கா கையை அசைக்கவில்லை. தகட்டுக்கு மேலே சீலிங் தானாக ஓடியது. பட்டி ஒரே சீராக விரிந்து, மெலிந்து, மெலிந்து, இல்லாமல் போனது. அறையின் கோடியில் அவர் பிரேக் போட்டதும் தெரியவில்லை.

“ம்,” என்றாள். அதற்குமேல் பாராட்ட அவளுக்குப் பழக்கமில்லை. “ரிவர்ஸ் எடுங்க.”

அடுத்தடுத்த சாயந்தரங்களில் இதே வேலைதான். ஒரு பூச்சு காயும், அடுத்த பூச்சு அதைவிட அகலமாகப் போகும். அவர் டூட்டி முடிந்து வந்ததும் வீட்டுக்குள் இன்னொரு டூட்டி. ஒருநாள் தள்ளிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் கேட்டார்: “எதுக்கும்மா இவ்வளவு? வலியில கெடக்கறவ சீலிங்கையா பார்க்கப்போறா?”

“பார்ப்பாங்க.”

“அவளால ஒரு பக்கம் திரும்பக்கூட முடியாது.”

“அதனாலதான் சொல்றேன். வேற எதைப் பார்ப்பாங்க?”

மேசை நின்றுவிட்டது. எப்போதும் தெரியாமல் நிற்கிற வண்டி, இந்தமுறை உலுக்கி நின்றது. கிரீமக்கா கீழே பார்த்தாள். அவர் மேசை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். ஸ்கூலுக்குப் போகும்போது தன் சட்டையில் ஒரு கறை இருந்தால் அக்கா வெளியே விடமாட்டாள் என்றார். தாயில்லாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று காலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் என்றார். கிரீமக்கா இடது கையால் அவர் தலையைத் தொடக் குனிந்தாள். ஆனால் தகட்டில் பட்டி இறுகிக்கொண்டிருந்தது.

“காயுதுங்க,” என்றாள் மெதுவாக. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளினார்.

அவளுக்கு அண்ணிமேல் இரக்கம் வந்துவிட்டது, ஆனால் வீம்பு போகவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பூசினாள். கடைசிப் பூச்சு காய்ந்ததும் உப்புத்தாளால் தொட்டும் தொடாமலும் ஒரு தடவு தடவினாள். உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தடவிப் பார்த்தாள். பெயின்டர் வந்து இரண்டு கோட்டிங் அடித்தார். காலை வெளிச்சத்தில் பாயில் படுத்துப் பார்த்தாள். தலைகீழாக நின்று பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ‘வாங்க அண்ணி,’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ‘வந்து பாருங்க.’

அண்ணி வந்தாள். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தவர்கள், “ஒண்ணுமே கனம் இல்லையே,” என்று பேசிக்கொண்டார்கள். கட்டிலில் மாற்றிப் போட்டபோது அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள், சத்தம் வரவில்லை. தம்பி கையைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கிரீமக்கா கஞ்சி ஊட்டினாள். ஒரு சொட்டு கழுத்தில் வழிந்தது. அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. போர்வை கோணலாக இருந்தது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எத்தனையோ வருஷமாக எந்த வாய் மூடாதா என்று ஏங்கினாளோ, அந்த வாய் மூடிக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் கிரீமக்கா போர்வையை இழுத்து நேராக்கினாள்.

மறுநாள் காலை அந்த வெளிச்சம் வந்தது. கிரீமக்கா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து, கதவோரம் நின்று பார்த்தாள். அண்ணி விழித்திருந்தாள். உடம்பு அசையவில்லை, கண் மட்டும் நகர்ந்தது. சீலிங்கின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை நிதானமாகப் போனது. திரும்பி வந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி போனது. துணி ஓடிக்கொண்டிருக்கிறது என்று கிரீமக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நடு இடத்தை நெருங்கியபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியின் கண் அந்த இடத்தைத் தொட்டது, நிற்கவில்லை, தாண்டிப் போனது.

ஜெயித்துவிட்டாள்! முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் சிரித்தே இருப்பாள். அப்போதுதான் அண்ணியின் கண்ணோரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போவதைப் பார்த்தாள். துடைத்துக்கொள்ள அண்ணியின் கை எழவில்லை.

ஓடிப்போய்த் துடைத்துவிட்டாள். “வலிக்குதா அண்ணி? மாத்திரை தரட்டுமா?”

“ஒண்ணுமே இல்லையேடி,” என்றாள் அண்ணி. வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. “எத்தனை தடவை பார்த்துட்டேன். ஒரு கோடு இல்ல, ஒரு புள்ளி இல்ல. இதைப் பார்த்துக்கிட்டு எப்படிடி இத்தனை மாசம் கெடப்பேன்?”

கிரீமக்கா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி என்ன சொல்லுவாள் என்பதையே நினைத்து நினைத்துப் பூசியவள், அண்ணி பொழுதை எப்படிக் கழிப்பாள் என்பதை ஒரு கணமும் நினைக்கவில்லை. தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“இருக்கு அண்ணி,” என்றாள்.

“என்ன இருக்கு?”

“மேடு. உங்க மூஞ்சிக்கு நேரா, இவ்வளவு பெரிய மேடு. நான்தான் பூசி மறைச்சேன்.”

அண்ணியின் கண் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. “நீயா? நீயா பூசின?”

“நான்தான். ஆள் ஓடிட்டாரு.”

“எங்க? காட்டு.”

அண்ணி பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தால்தானே காட்ட முடியும்? கிரீமக்கா குனிந்து, தலையணையின் ஓரத்தில், அண்ணியின் தலைக்குப் பக்கத்தில் தன் தலையை வைத்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நெருங்கியதில்லை. மருந்து வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வந்தது. கையைத் தூக்கி விரலை நீட்டினாள்.

“இங்கதான் அண்ணி... இல்ல, இந்தப் பக்கம். இருங்க... ஜன்னலுக்கு நேரா...”

விரல் நகர்ந்தது, நின்றது, திரும்பியது. மேலே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை.

“பூசினவளுக்கே தெரியலையா?” என்றாள் அண்ணி. குரலில் பழைய காரம் லேசாக ஏறியிருந்தது. “அவ்வளவு நல்லாவா பூசித் தொலைச்ச?”

அந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை வருஷம் காத்திருந்தோம் என்று கிரீமக்காவுக்கு மளுக்கென்று கண் நிறைந்தது. சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

“பால் பொங்குது அண்ணி.”

“போய் அணைச்சுட்டு வா. நீ வர்றதுக்குள்ள நான் கண்டுபிடிச்சிடறேன்.”

எழுந்து ஓடினாள். வாசற்படியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் கண் சீலிங்கின் ஓரத்துக்குப் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தது. கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கிரீமக்கா மனசார வேண்டிக்கொண்டாள். ஆனால் சீக்கிரம் வேண்டாம்.